இடப்பக்கம் இனி வானிலை சொல்லாது

அனுப்புநர்
அனார்கான் இஷென்தாயெவா (வயது 51),
முதுநிலை வானிலை நோக்கர்,
அய்-பெல் வானிலை நிலையக் குடியிருப்பு, வீடு எண் 2,
கோக்-தாலா மாவட்டம்.

பெறுநர்
மாகாணச் சுகாதாரத் துறைத் தலைவர் அவர்கள்,
மாகாணத் தலைமை அலுவலகம், மூன்றாம் மாடி.

பொருள்: எனது இடது மார்பில் பொருத்தப்பட்டு, இறுகி, இடம்பெயர்ந்து, தற்போது வெடித்தும்விட்ட சிலிக்கான் பையை அகற்றுவதற்கான பரிந்துரைப் படிவத்தில், ஆட்டு மந்தைகளின் நலன் கருதி மாவட்டத் தலைமை மருத்துவர் கையெழுத்திட மறுத்து வருவது – தொடர்பாக.

பார்வை:
1. எனது மனுக்கள், நாள் 12.12.2023, 09.01.2024 மற்றும் 02.02.2024.
2. மாவட்ட அவசரநிலைக் குழுவின் கூட்டக் குறிப்பு, பொருள் எண் 7. (பொருள் எண் 6 குதிரைக் கொட்டகையின் கூரை பற்றியது. அது நிறைவேற்றப்பட்டுவிட்டது.)

மாண்புடைய ஐயா,

1. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக அய்-பெல் கணவாயின் அடிவாரத்தில் வானிலை நோக்கராகப் பணியாற்றி வருகிறேன். கண்டதைக் கண்டபடி எழுதுவது என் தொழில். வானத்தை எட்டாகப் பிரித்து, அதில் ஐந்து பங்கு மேகம் என்றால் ஐந்து என்றுதான் எழுதுவேன். எரிச்சலாக இருக்கிறது என்பதற்காக ஆறு என்று எழுதமாட்டேன். இம்மனுவில் உள்ளவற்றையும் தாங்கள் அவ்வாறே எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். படித்துவிட்டுச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளலாம். முந்தைய மூன்று மனுக்களையும் படித்தவர்கள் சிரித்தார்கள், பதில்தான் போடவில்லை.

2. 2018ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் என் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. மாவட்ட மருத்துவமனைக்கு மூன்று முறை சென்றேன். தலைமை மருத்துவர் எசென்கான் தூர்துபெகோவிச் அவர்கள் மூன்று முறையும் எழுதிக்கொண்டிருந்த தாளை விட்டு நிமிராமலே, "ஒண்ணுமில்லக்கா, நீர்க்கட்டி. முட்டைக்கோஸ் இலையை வெச்சுக் கட்டுங்க, கரைஞ்சுடும்" என்றார். சொன்னபடி கட்டினேன். எட்டு மாதத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட முட்டைக்கோஸ்கள் கரைந்தன, கட்டி கரையவில்லை. தலைநகர் பிஷ்கேக்கில் காட்டியபோது புற்றுநோய் என்றார்கள். மார்பை முழுதாக எடுத்தார்கள். கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். அந்த எட்டு மாதங்களில் எங்கள் மாவட்டத்தில் ஒருவர்கூட என் மார்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கவில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். இது பின்னால் தேவைப்படும்.

3. 2020 அக்டோபரில் அதே இடத்தில் சிலிக்கான் பை வைத்து மார்பை மறுபடி அமைத்துக் கொடுத்தார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஊர்ப் பெண்கள் புது மருமகளைப் பார்க்க வருவதுபோல் வரிசையாக வந்து பார்த்து, வழக்கப்படி பார்வைப் பரிசும் கொடுத்தார்கள்: தலைத்துணி நான்கு, சீனி ஒரு மூட்டை, தேநீர்க் கோப்பை ஆறு. நானும் சந்தோஷமாகத்தான் காட்டினேன். ஒரு வருடம் நன்றாக இருந்தது.

பிறகு, கதிர்வீச்சுப் பட்ட உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. பையைச் சுற்றி வடு ஓர் உறையாக வளர்ந்து, அந்த உறை சுருங்கிச் சுருங்கிப் பையை நெரித்து, மார்பு கல்லாகிவிட்டது. கல்லானதோடு நில்லாமல் மேலே ஏறவும் தொடங்கியது. முதலில் வலதுக்கு நேர் மட்டத்தில் இருந்தது. தற்போது ஏழு சென்டிமீட்டர் மேலேயும் இரண்டு சென்டிமீட்டர் அக்குள் பக்கமாகவும் உள்ளது. இதே வேகத்தில் போனால் 2034ஆம் ஆண்டு வாக்கில் காதருகே வந்து சேரும். மேலும் அது குளிர்ந்தால் சூடாவதில்லை. சனவரியில் கருவிக் கூண்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் மூக்கு சூடாக ஐந்து நிமிடம், விரல்களுக்குப் பத்து நிமிடம், இடது மார்புக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகிறது. அவ்வளவு நேரமும் சட்டைக்குள் பனிக்கட்டியை வைத்துக்கொண்டு தேநீர் குடிப்பவள் நான். இவை அனைத்தும் அளந்து எழுதப்பட்டவை (இணைப்பு 1).

4. இனி, எல்லாக் கோளாறுக்கும் தொடக்கமான நாள். 14.04.2022 அன்று காலை என் கணவரின் சித்தப்பா மகன் சொல்தோபாய், நானூறு ஆடுகளுடனும், மனைவி, மருமகள், கைக்குழந்தையுடனும் வசந்தகால மேய்ச்சலுக்காகக் கணவாய் ஏறக் கிளம்பி எங்கள் நிலையத்தைக் கடந்து சென்றார். மூன்று மணி நேரத்தில் காற்றழுத்தம் ஒன்பது மில்லிபார் இறங்கியிருந்தது. காற்று மேற்கே திரும்பியிருந்தது. இரண்டும் சேர்ந்தால் பனிப்புயல். நான் ஓடிப்போய்க் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு இதை எடுத்துச் சொன்னேன்.

அவர் சொன்னது: "அட போங்க அண்ணி! உங்க டப்பா போன வருஷமும் இப்படித்தான் சொல்லுச்சு. வானத்தைப் பாருங்க, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு."

நான் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருபது வருடமாக இதே பதில். கடிவாளத்தைப் பிடிக்கக் கையைத் தூக்கியதில் இடப்பக்கம் விண்ணென்று தெறித்தது. வாய்விட்டு, "மார்பு வலிக்குது, சொல்தோபாய்" என்றேன். என் உடல்நிலையைத்தான் சொன்னேன், ஐயா. வேறெதையும் சொல்லவில்லை.

சொல்தோபாய் குதிரையை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மரியாதை கருதி மலையைப் பார்த்தார். "எப்போலேர்ந்து?" என்று கேட்டார். "விடிஞ்சதுலேர்ந்து" என்றேன். "அந்த... வெச்சது இருக்கே, அதுவா?" என்றார். ஆமாம் என்றேன். சற்று யோசித்துவிட்டு மந்தையைத் திருப்பினார்.

நண்பகலில் பனி தொடங்கி இரண்டு நாள் விடாமல் கொட்டியது. அன்று கணவாய் ஏறிய வேறொரு மந்தையில் அறுபது ஆடுகள் செத்தன. ஒரு மேய்ப்பருக்கு இரண்டு கால்விரல்கள் போயின. சொல்தோபாயின் பேரக்குழந்தை எங்கள் அடுப்பருகே தூங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எப்படியோ திரும்பினார்களே, அது போதும் என்று நினைத்துவிட்டேன். அவர் நினைத்திருந்ததைத் திருத்தவில்லை. இதுவே என் குற்றம். ஒப்புக்கொள்கிறேன்.

5. ஒரு வாரத்தில் செய்தி மாவட்டம் முழுவதும் பரவியது. இப்போது தினமும் காலை ஆறு நாற்பதுக்குத் தொலைபேசி அடிக்கத் தொடங்குகிறது. தாங்களும் நம் மலைக்காரர். நம் வீட்டு மருமகள்கள் மாமனார் வழியில் மூத்த ஆண்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதை அறிவீர்கள். முப்பது வருடமாக நான் அவர்களில் ஒருவர் பெயரையும் வாயால் சொன்னதில்லை. 'மேலைவீட்டுப் பெரியவர்', 'கறுப்புக் குதிரைக்காரர்' என்று சுற்றி வளைத்தே சொல்லி வந்திருக்கிறேன். இப்போது அதே பெரியவர்கள் என் மார்பின் பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைக்கிறார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'இடப்பக்கம்'. "இடப்பக்கம் என்ன சொல்லுது?" "இடப்பக்கத்துக்கு நம்ம சலாம் சொல்லும்மா." பெரியவர்கள் ஆசி கூறக் கை ஏந்தும்போது என் முகத்துக்கு நேராக ஏந்தாமல் சற்று இடப்பக்கமாகத் தள்ளி ஏந்துகிறார்கள். நான் நிற்கும் இடத்தை மாற்றினால் கைகளும் சேர்ந்து மாறுகின்றன.

6. என் கணவர் ஜுமாதில் மின்கம்பி வேலை பார்ப்பவர். நல்ல மனிதர். ஆனால் புகழ் அவரையும் கெடுத்துவிட்டது. நான் குளிக்கும்போது தொலைபேசி வந்தால் அவரே எடுத்து, "லேசா மேகமூட்டம், மத்தியானம் தெளியும்" என்று சொல்லிவிடுகிறார். எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால், "காலைல தேநீர் ஊத்தும்போது உன் மூஞ்சியைப் பார்த்தேனே" என்கிறார். ஒருமுறை நான் வலி தாங்காமல் மாத்திரை போட்டுக்கொண்டு காலை பத்து மணிவரை தூங்கிவிட்டேன். அவர் எல்லோரிடமும், "இன்னிக்கு இடப்பக்கம் தூங்குது, தகவல் இல்லை" என்று அறிவித்துவிட்டார். ஏழு மந்தைகள் பட்டியை விட்டு வெளியே வரவில்லை. அன்று வருடத்திலேயே மிக நல்ல வெயில்.

7. சென்ற ஆண்டு மேய்ப்பர்கள் விருந்து வைத்தார்கள். வயதில் மூத்த மூன்று பெண்கள் இருக்க, என்னைக் கூடாரத்தின் உயர்ந்த இடத்தில், கதவுக்கு எதிரே உட்கார வைத்தார்கள். பரிமாறிய மாப்பிள்ளைப் பையன் தனக்கு உரிய பங்கான நெஞ்சுக்கறியை மரியாதை மிகுதியால் என் முன் கொண்டுவந்து வைத்தான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சொல்தோபாய்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, "அடேய், அதை எடுடா! கிண்டல் பண்றேன்னு நினைச்சுக்கப் போகுது!" என்றார். அவர் பயந்தது நான் நினைத்துக்கொள்வேன் என்று அல்ல, ஐயா. இடப்பக்கம் நினைத்துக்கொள்ளும் என்று.

8. இதுவரை கூறியவற்றை நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது இனிமேல்தான். தலைமை மருத்துவர் அவர்களுக்கு இருநூறு ஆடுகள் உண்டு. அவை சொல்தோபாயின் மந்தையில் மேய்கின்றன. சென்ற அக்டோபர் முதல் அவர் எனக்கு எழுதித் தரும் வலி மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, முன்பு மூன்று முறையும் நிமிராத அதே மனிதர், நிமிர்ந்து உட்கார்ந்து, கனிவோடு விளக்கினார்: "மாத்திரை போட்டா அளவு தப்பிடும்ல, அக்கா? நீங்களே கருவிக்காரங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

என் வலியைத் துல்லியமாக வைத்திருப்பதற்காக என் மாத்திரை குறைக்கப்பட்டது. இந்த வாக்கியத்தைத் தாங்கள் மறுபடி ஒருமுறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

9. இடக்கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாத நிலை வந்ததால், விடுப்புப் போட்டு 05.12.2023 அன்று பிஷ்கேக் சென்றேன். அங்கே பரிசோதித்த அறுவை மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது வெடிச்சு ரொம்ப நாளாச்சே அக்கா, இதை வெச்சுக்கிட்டு எப்படி நடமாடுறீங்க?" என்று கேட்டார். உள்ளிருந்த பசை உறைக்கு வெளியே கசிந்திருக்கிறது. அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. அந்த நெறி கசிந்த சிலிக்கானால் கட்டியதாக இருக்கலாம். புற்றுநோய் திரும்பி வந்ததாகவும் இருக்கலாம். வெளியே எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும் என்றார். பையை உறையோடு அகற்றி, நெறியையும் எடுக்க 19.03.2024 என நாள் குறித்துக் கொடுத்தார். மாவட்ட மருத்துவமனையின் பரிந்துரைப் படிவம் இல்லாமல் சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு விதி இல்லை. அந்த நாள் தவறினால் அடுத்தது இலையுதிர் காலத்தில்தான்.

புதிய பை எதுவும் எனக்கு வேண்டாம் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். தட்டையாக இருந்துகொள்கிறேன். கணவரும் சம்மதித்தார். அவர் சம்மதம் தேவையில்லை என்றாலும், கேட்டதற்கு, "நீ இருந்தா போதும்" என்றார். அன்று ஒருநாள் அவர் வானிலை பேசவில்லை.

10. வெடித்த செய்தியைத் தலைமை மருத்துவரிடம் சொன்னேன். படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "வெடிச்சதுக்கப்புறமும் சொல்லுதா?"

எனது மனு மாவட்ட அவசரநிலைக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. ஒரு பெண்ணின் மார்பு ஏன் அவசரநிலைக் குழுவுக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். வெள்ளம், நிலச்சரிவு, பனிச்சரிவு ஆகியவற்றின் முன்னெச்சரிக்கை ஏற்பாடுகள் அனைத்தும் அந்தக் குழுவின் கீழ்தான் வருகின்றன என்றார்கள். பொருள் எண் 7இன்படி, ஆட்டுக்குட்டிகள் பிறந்து மந்தைகள் மேலேறும் வரை அகற்றுவதைத் தள்ளிவைப்பது என முடிவாயிற்று. மேலேறிய மந்தைகள் செப்டம்பரில் கீழிறங்க வேண்டுமே என்று ஒருவர் கேட்டதன்பேரில், இறங்கும் வரை என்று திருத்தப்பட்டது. பிறகு மறுபடி ஏறுமே என்று நான் கேட்டேன். அது அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்றார்கள்.

அதோடு விடவில்லை. எங்கள் நிலையத்தில் பழைய கருவியை எடுத்துப் புதிய கருவி வைக்கும்போது, இரண்டையும் ஓராண்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பழையதை எடுப்போம். இது விதி. நல்ல விதி. கூட்டத்தில் என் நிலையத் தலைவர் எழுந்து அந்த விதியை நினைவூட்டினார். அதன்பேரில், நோயில்லாத என் வலப்பக்கத்திலும் முதலில் ஒரு பையைப் பொருத்தி, ஓராண்டு இரண்டும் சொல்வதை ஒப்பிட்டு, வித்தியாசம் இல்லையென்றால் இடப்பக்கத்தை விடுவிக்கலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. நான்கு பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் நானும் ஒருத்தி என்று நினைத்தேன். எனக்கு ஓட்டு இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

11. மாத்திரை குறைந்த நாள் முதலே, நான் அறிந்த ஒரே வழியில் இதை மெய்ப்பிக்க முடிவு செய்திருந்தேன். அளந்தேன். 01.10.2023 முதல் 31.01.2024 வரை, 123 நாட்கள், தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு நோட்டில் மூன்று பத்திகள் எழுதி வந்திருக்கிறேன் (இணைப்பு 2). பிஷ்கேக்கில் இருந்தபோது மட்டும் நிலைய அளவுகளைத் தொலைபேசியில் கேட்டு எழுதினேன். முதல் பத்தி: இடப்பக்கம் வலிக்கிறதா. இரண்டாவது: கருவிகளையும் வானத்தையும் பார்த்து நானாகக் கணித்தது. மூன்றாவது: உண்மையில் நடந்தது.

முடிவு வருமாறு. பனி பெய்தது 38 நாட்கள். நான் கணித்தது சரியாக வந்தது 109 நாட்கள். இடப்பக்கம் வலித்தது 123 நாட்கள்.

அதன் பேச்சை உண்மையில் கேட்டிருந்தால் அக்டோபர் முதல் ஒரு மந்தையும் பட்டியை விட்டு நகர்ந்திருக்காது. இடப்பக்கம் ஒரு நாளும் வானிலை சொன்னதில்லை, ஐயா. சொன்னவள் நான். இருபத்திரண்டு வருடம் மலையைப் பார்த்தவள், படித்தவள், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அவளுக்குள் வைத்துத் தைத்த பை சொல்வதாகச் சொன்னால் நானூறு ஆட்டைத் திருப்புகிறார்கள். இதில் எனக்கு வந்த கோபத்தை எந்த அளவுகோலால் எழுதுவது என்று தெரியவில்லை. நிறைய என்று எழுதுகிறேன்.

12. சென்ற மாதம் சொல்தோபாயை வீட்டுக்கு அழைத்து, தேநீர் ஊற்றி, நோட்டை முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று பத்திகளையும் விரல் வைத்துப் படித்தார். முகம் வாடிவிட்டது. என்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "அப்படிச் சொல்லாதீங்க அண்ணி, பாவம். என் பேரன் உசுரைக் காப்பாத்துனது அது. நீங்க தன்னடக்கமா பேசுறீங்க, அது எனக்குப் புரியுது" என்றார். மறுநாளே முப்பத்தொரு மேய்ப்பர்களிடம் கையெழுத்து வாங்கி, இடப்பக்கத்தை எடுக்கக் கூடாது என்று மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டார். அந்த மனு தங்களுக்கும் வந்திருக்கும். அதற்கு மட்டும் நான்கே நாளில் பதில் வந்தது.

அவருடைய மனைவி தோக்தோகான் மூன்று நாள் கழித்துத் தனியாக வந்தார். நான் தேநீர்க் கோப்பையை எட்டி எடுக்க முடியாமல் இடக்கையை வலக்கையால் தூக்கி மேசைமேல் வைத்ததைப் பார்த்தார். கோப்பையைத் தானே எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு, "எடுத்துடுங்க அக்கா. ஆடு போனா போகட்டும், ஆடுதானே" என்றார். அன்று மாலைக்குள் அந்த முப்பத்தொரு வீடுகளில் இருபத்தொன்பது வீட்டுப் பெண்களிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார் (இணைப்பு 3). மீதி இரண்டு வீடுகளில் பெண்கள் இல்லை. இந்தப் பெண்கள்தாம் ஐயா, மூன்றரை வருடத்துக்கு முன் தலைத்துணியும் சீனியும் கொண்டு வந்தவர்கள்.

13. மேய்ப்பர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு, பகை இல்லை. அவர்களுக்கு ஒன்று ஆகிவிடக் கூடாது என்றுதான் இரண்டு வருடம் இந்தப் பொய்க்கு நான் வாயாக இருந்தேன். இதை எடுத்தபின் என் சொல்லை நம்பாமல் ஏறி, யாராவது கணவாயில் மாட்டிக்கொண்டால் நான் என்ன செய்வேன் என்ற எண்ணம் தூங்க விடாமல் செய்கிறது. ஆனால் அக்குளில் இருப்பது என்னவென்று தெரியாமல் இன்னொரு கோடையைக் கழிக்க என்னால் முடியாது. ஏற்கெனவே எட்டு மாதம் முட்டைக்கோஸ் கட்டிக்கொண்டு காத்திருந்தவள் நான். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எந்த மனுவிலும் எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன், எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஆகவே கீழ்க்காண்பவற்றைச் செய்து தருமாறு வேண்டுகிறேன். பரிந்துரைப் படிவத்தில் 15.03.2024க்குள் தலைமை மருத்துவர் கையெழுத்திட, அல்லது அவருக்குப் பதிலாகத் தாங்களே கையெழுத்திட. வலி மாத்திரையின் பாதியை எனக்குத் திரும்பத் தர. என் வலப்பக்கத்தைப் பற்றி இனி எந்தக் குழுவும் எந்தப் பொருளின் கீழும் விவாதிக்கக் கூடாது என உத்தரவிட. மேலும், நான் இல்லாத மூன்று வாரமும் நிலையத்தின் இரண்டாம் நோக்கர் காலை ஆறு நாற்பதுக்குத் தொலைபேசியை எடுப்பார்; அவருக்கு எந்தப் பக்கமும் வலி கிடையாது, ஆனாலும் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என மேய்ப்பர்களுக்குத் தங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் அனுப்ப.

படிவம் வராவிட்டால், 16.03.2024 காலை முதல் நான் வேறு வழியின்றி நேர்மையாக நடந்துகொள்வேன். காற்றழுத்தத்தையும் மேகத்தையும் கேட்பவர்களுக்குக் கடைசிவரை சொல்வேன். அது என் கடமை. ஆனால் இடப்பக்கம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு, அது சொல்வதை மட்டும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தெரிவிப்பேன். அது 123 நாட்களும் சொன்னது ஒன்றேதான்: வலிக்கிறது. தினமும் ஆறு நாற்பதிலிருந்து அத்தனை பேர் கேட்டார்கள். அதில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. தாங்களாவது கேட்பீர்கள் என்று எழுதுகிறேன்.

நாள்: 04.03.2024
இடம்: அய்-பெல் அடிவாரம்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
அனார்கான் இஷென்தாயெவா

இணைப்புகள்:
1. இடது மார்பின் இருப்பிடம், வெப்பநிலை – அளவுப் பட்டியல்.
2. 123 நாள் நோட்டு – நகல்.
3. இருபத்தொன்பது பெண்களின் கையெழுத்து – அசல். (திருப்பித் தரவும்.)
4. பிஷ்கேக் மருத்துவரின் அறிக்கையும் படமும்.

பின்குறிப்பு: இம்மனுவை எந்த மாடியில் கொடுப்பது என்று கேட்கத் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். எடுத்த பெண் என் பெயரைக் கேட்டதும், சனிக்கிழமை தன் தம்பிக்குக் கல்யாணம், கூடாரத்தை வெளியில் போடலாமா என்று இடப்பக்கத்திடம் கேட்டுச் சொல்லும்படி கூறினார். வெளியில் போடலாம். சனிக்கிழமை பனி இல்லை. இதைச் சொன்னது நான் என்று அவரிடம் தெரிவிக்கவும்.